பட்டாளத்துக் கவர்னர்

2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி நைஜீரியா தேசத்து ஜனாதிபதி போலா தினுபு ஒரு பிரகடனம் வெளியிட்டார். ரிவர்ஸ் ராஜ்யத்தில் அவசர நிலைமை ஏற்பட்டிருக்கிறதென்றும், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர் ஃபுபாராவும், உப கவர்னரும், சட்டசபை அங்கத்தினர் யாவரும் ஆறு மாத காலம் பதவியினின்று நிறுத்தி வைக்கப்படுகிறார்களென்றும், அவர்களுக்குப் பதிலாகக் கடற்படையின் முன்னாள் தலைவர் வைஸ் அட்மிரல் ஐபாஸ் ஒருவரே நிர்வாகத்தை நடத்துவாரென்றும் அதில் கண்டிருந்தது. அத்தேசத்து 1999-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 305-வது பிரிவு அவசர நிலைமையைப் பிரகடனம் செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னரை வீட்டுக்கு அனுப்பலாமென்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. கவர்னரை நீக்கும் முறை 188-வது பிரிவில் தனியே கூறப்பட்டிருக்கிறது. அம்முறையை அனுசரிக்க வேண்டியது அந்த ராஜ்யத்துச் சட்டசபையே. நைஜீரிய வக்கீல்களின் சங்கம் இதை எடுத்துக் காட்டி ஆட்சேபித்தது. பிரகடனத்தை ஊர்ஜிதம் செய்ய மத்திய சட்டசபைகளில் மூன்றில் இரண்டு பங்கு அங்கத்தினரின் சம்மதம் வேண்டும். அதுவோ தலைகளை எண்ணாமல் குரல் வாக்கினாலேயே முடிக்கப்பட்டது.

இந்தச் செய்தியை ஏதோ ஒரு தூர தேசத்துக் கட்சிச் சண்டையென்று தள்ளிவிடுவோர் இருக்கலாம். சண்டை கட்சிச் சண்டைதான். தற்கால கவர்னருக்கும், அவரைப் பதவியில் ஏற்றிவைத்த முன்னாள் கவர்னருக்கும் மூண்ட பகையே அது. ஆனால் அச்சண்டையைத் தீர்க்க வந்த மருந்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ரிவர்ஸ் ராஜ்யத்தின் தலைநகரான போர்ட் ஹார்கோர்ட், 1967-க்கு முன் நைஜீரியாவின் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அந்தக் கிழக்கு மாகாணத்தில்தான் 1966-ல் முதன்முதலாக ஒரு பட்டாளத்துக்காரர் கவர்னர் ஆசனத்தில் அமர்ந்தார். "அவசர நிலைமையைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் யாருக்கு?" என்ற கேள்வியின் மேல்தான் அவருக்கும் தலைநகருக்கும் கடைசிப் பிணக்கு ஏற்பட்டது. அப்பிணக்கிலிருந்து யுத்தமும், யுத்தத்திலிருந்து பஞ்சமும் பிறந்தன. ஆகவே கர்னல் ஓஜுக்வுவின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்டுவது இச்சமயத்தில் பொருத்தமென்று கருதுகிறோம்.

எமெக்கா ஒடுமெக்வு ஓஜுக்வு 1933-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி வட நைஜீரியாவில் ஸுங்கேரு என்னும் ஊரில் பிறந்தார். குலத்தால் கிழக்கு மாகாணத்து இக்போ. குடும்பத்தின் சொந்த ஊர் நெவி. தகப்பனார் ஸர் லூயி ஓஜுக்வு லாரி வியாபாரத்தினால் பெரும் பொருள் ஈட்டி, தேசத்தின் முதல் தனவான்களில் ஒருவராக விளங்கியவர். புதல்வர் லாகோஸில் கிங்ஸ் காலேஜில் படிக்கும்போதே வெள்ளைக்கார உபாத்தியாயர் ஒருவரை அடித்ததற்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டாரென்பர். பின்னர் இங்கிலாந்து சென்று எப்ஸம் கலாசாலையிலும், ஆக்ஸ்போர்டு லிங்கன் காலேஜிலும் கற்றுச் சரித்திரத்தில் பட்டம் பெற்றார். அவர் வக்கீலாக வேண்டுமென்பதும், குடும்ப வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமென்பதும் தகப்பனாரின் ஆசை. மகனோ ஒரு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்துவிட்டு, 1957-ல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பட்டதாரிகள் அரிதாயிருந்த சேனையில் அவர் விரைவில் உயர்ந்தது வியப்பன்று. காங்கோவில் ஐக்கிய நாடுகளின் சேனையோடு பணிபுரிந்து, 1964-ல் வடக்கே கானோ நகரில் ஐந்தாவது பட்டாலியனுக்குத் தளபதியானார்.

சுதந்திரம் கிடைத்து ஆறு வருஷங்கூட நிறையவில்லை. 1966-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி இரவில் மேஜர் பதவியிலிருந்த சில இளைஞர்கள் பிரதம மந்திரி ஸர் அபூபக்கர் தஃபாவா பலேவாவையும், வடக்கு, மேற்கு மாகாணங்களின் முதல் மந்திரிகளையும், மேலதிகாரிகள் பலரையும் கொன்றார்கள். சதிகாரர்களில் பெரும்பாலோர் இக்போக்கள். கொலையுண்ட தலைவர்களில் பெரும்பாலோர் வடக்கத்தியர். அந்தச் சதியில் ஓஜுக்வுவுக்குப் பங்கில்லை. கானோவில் தமது படையை அவர் அடக்கி வைத்து, சதியை முறியடித்த ஜெனரல் ஐரன்ஸியின் பக்கம் நின்றார். ஐரன்ஸி சர்க்கார் அதிகாரத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு, மாகாணத்துக்கு ஒருவராக நான்கு ராணுவ கவர்னர்களை நியமித்தார்: வடக்கே ஹஸன் கட்ஸினா, மேற்கே ஃபஜூயி, மத்திய மேற்கில் எஜூர், கிழக்கே ஓஜுக்வு. அப்போது ஓஜுக்வுவுக்கு வயது 32.

கவர்னர் ஆட்சியின் முதல் மாதங்களில் அவரைப் பிரிவினைக்காரரென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. வடக்கே பிறந்தவர், ஹௌஸா பாஷை பேசுபவர், கானோ அமீரைத் தமது மாகாணத்து நஸூக்கா சர்வகலாசாலைக்குத் தலைவராக அழைத்தவர். மே மாதத்தில் ஐரன்ஸி மாகாணங்களின் தனி அதிகாரங்களை ஒழித்து ஏக சர்க்கார் அமைக்கும் 34-வது ஆணைச் சட்டத்தைப் பிறப்பித்தார். அதைக் கண்டு மிரண்ட வடக்கு நகரங்களில் இக்போக்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பிக் கிழக்கே ஓடிவந்தவர்களை நோக்கி, "அஞ்ச வேண்டாம், உங்கள் உத்தியோகங்களுக்கும் கடைகளுக்கும் திரும்பிச் செல்லுங்கள்" என்ற கருத்தில் கவர்னர் ஓஜுக்வு வேண்டிக்கொண்டார். அநேகர் அவ்வார்த்தையை நம்பித் திரும்பினார்கள். ஜூலை 29-ந் தேதி வடக்கத்திய சிப்பாய்கள் கிளம்பி, இபாதான் நகரில் ஐரன்ஸியையும், அவருக்கு விருந்தளித்துக்கொண்டிருந்த மேற்கு கவர்னர் ஃபஜூயியையும் பிடித்துச் சென்று சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வடக்கெங்கும் நடந்த படுகொலையில் மாண்டோர் 8,000 என்பாரும், 30,000 என்பாரும் உளர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ரயில்களிலும் லாரிகளிலும் கிழக்கே வந்து குவிந்தார்கள். தாம் சொன்ன வார்த்தையை நம்பிச் சென்றவர்கள் பிணமானார்கள் என்ற நினைவு ஒரு மனிதனை என்ன செய்யுமென்பதை அறியாமல், அவருடைய பிற்காலத்துப் பிடிவாதத்தை அளந்து பேசுதல் நியாயமாகாது.

இதற்கிடையில் லாகோஸில் லெப்டினன்ட் கர்னல் கோவன் தலைமைப் பதவி ஏற்றார். ஓஜுக்வு அவரைத் தலைவராக ஒப்புக்கொள்ளவில்லை. ஐரன்ஸிக்கு அடுத்தபடி பிரிகேடியர் ஓகுண்டிப்பே இருக்க, ஒரு லெப்டினன்ட் கர்னல் மேலேறுவது சேனையின் சம்பிரதாயத்துக்கு விரோதமென்பது அவர் வாதம். வாதம் சரியே. ஆனால் இவரையே கவர்னராக்கிய உத்தரவும் சட்டசபை இட்டதன்று. அதுவும் பட்டாளத்திலிருந்து பிறந்ததே. அரசியல் சட்டம் வீழ்ந்த பிறகு, யார் சீனியர் என்ற கணக்கொன்றுதான் அத்தேசத்தில் சட்டமாக மிஞ்சியிருந்தது. துப்பாக்கி ஏந்தியவர்கள் அக்கணக்கையும் மதிக்கவில்லை.

இனி அபூரி மகாநாட்டைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஒப்பந்தங்களைப் படித்துப் பொருள் சொல்லும் தொழிலில் பழகிய எமக்கு, இச்சரித்திரம் முழுவதிலும் இதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. 1967-ம் வருஷம் ஜனவரி 4, 5-ந் தேதிகளில், கானா தேசத்துத் தலைவர் ஜெனரல் அங்க்ராவின் ஆதரவில், அக்ரா நகருக்கு அருகே அபூரி மலையில் கோவனும் கவர்னர்களும் கூடினார்கள். லாகோஸுக்கு வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஓஜுக்வு கூறியதனால்தான் அயல் நாட்டில் கூட நேர்ந்தது. மற்றவர்கள், பழைய பட்டாளத்துத் தோழர்கள் மனம் விட்டுப் பேசிச் சமாதானமாவதற்கென்று வந்தார்கள். ஓஜுக்வுவோ ஆக்ஸ்போர்டில் பயின்றவருக்குத் தக்கபடி குறிப்புகளும் தீர்மானங்களும் தயாராக வைத்துக்கொண்டு வந்தார். விளைவு யூகிக்கத் தக்கதே. பலாத்காரத்தை எல்லோரும் கைவிடுவது. ராணுவ மேல் கௌன்ஸிலே கூட்டாக ஆளுவது. தேசம் முழுமையையும் பற்றிய விஷயங்களில் எல்லா கவர்னர்களின் சம்மதமும் பெறுவது. மாகாணங்களின் அதிகாரத்தைக் குறைத்த ஆணைச் சட்டங்களை ரத்துச் செய்வது. அகதிகளாக வந்த உத்தியோகஸ்தர்களுக்கு மார்ச்சு மாதக் கடைசி வரை சம்பளம் கொடுப்பது என்று முடிவாயிற்று. பேச்சுக்கள் யாவும் ஒலிநாடாவில் பதிவாயின.

கோவன் லாகோஸுக்குத் திரும்பினார். அங்கே அவருடைய காரியதரிசிகள் அத்தீர்மானங்களைப் படித்துத் திடுக்கிட்டார்கள். ஒவ்வொரு கவர்னருக்கும் மறுப்பதிகாரம் கொடுத்தால், சமஷ்டி சர்க்கார் என்ற ஒன்றே இராதென்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது முற்றும் பிசகல்ல. எனினும், கையெழுத்திட்ட பிறகு கண்டுபிடித்த ஆட்சேபணை அது. மார்ச்சு 17-ந் தேதி வெளிவந்த 8-வது ஆணைச் சட்டம் அபூரியில் ஒப்புக்கொண்டவற்றில் பெரும் பகுதியை நிறைவேற்றிற்று. பல விஷயங்களில் 1966-க்கு முன் மாகாணங்களுக்கு இருந்ததைவிட அதிகமான அதிகாரங்களையே அது தந்தது. ஆனால் அதனுள் ஒரு பிரிவு நுழைக்கப்பட்டிருந்தது: மூன்று கவர்னர்களின் சம்மதம் பெற்றால் எந்த மாகாணத்திலும் அவசர நிலைமையைப் பிரகடனம் செய்யலாம். மாகாணங்கள் நான்கு. ஆகவே மூவர் சேர்ந்து நான்காமவரைக் கட்டலாம். அந்த நான்காமவர் யாரென்பதைக் குழந்தையும் சொல்லும். நூறு கொடுத்து ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றின் பொருட்டு ஓஜுக்வு நூற்றையும் மறுத்தார்.

இவ்விடத்தில் எமது அபிப்பிராயத்தை மறைக்காமல் கூறிவிடுகிறோம். அபூரி விஷயத்தில் நியாயம் ஓஜுக்வுவின் பக்கமே இருந்தது. ஆயினும் 8-வது ஆணைச் சட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டு, அந்த ஒரு பிரிவை மாத்திரம் எதிர்த்துப் போராடியிருக்கலாம். ஜனங்களிடம் நின்று வாக்குப் பெற்ற தலைவராயிருந்தால், கிடைத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குக் கிளர்ச்சி செய்வார். பட்டாளத்தில் பழகியவருக்கோ கோட்டை முழுவதும் கைவசமாக வேண்டும், இல்லையேல் சரணாகதிதான். மந்திரிகளும் சட்டசபையும் இருந்த இடத்தில் அவருக்கு வழி சொல்ல ஓர் ஆலோசனைச் சபை மட்டுமே இருந்தது. அவரே கூட்டிய சபை அது. மார்ச்சு 31-ந் தேதி, கிழக்கில் வசூலாகும் சமஷ்டி வருமானம் யாவும் மாகாண சர்க்காருக்கே சேர வேண்டுமென்று உத்தரவிட்டார். லாகோஸ் பதிலுக்குத் தடைகள் விதித்தது. மே 26-ந் தேதி ஆலோசனைச் சபை பிரிந்து போக அவருக்கு அதிகாரம் அளித்தது. மறு நாள் கோவன் தேசமெங்கும் அவசர நிலைமையைப் பிரகடனம் செய்து, நான்கு மாகாணங்களையும் 12 ராஜ்யங்களாகப் பிரித்தார். 30-ந் தேதி விடியுமுன் பையாஃப்ரா என்ற குடியரசை ஓஜுக்வு பிரகடனம் செய்தார்.

அந்த 12 ராஜ்யப் பிரிவினையில் ஒரு சூழ்ச்சியும் இருந்தது. ஒரு நியாயமும் இருந்தது. கிழக்கு மாகாணம் மூன்றாக உடைந்தது. இக்போக்களுக்குக் கிடைத்த மத்திய கிழக்கு ராஜ்யத்துக்குக் கடற்கரை இல்லை. 1956-ல் ஓலோய்பிரியில் கண்டுபிடிக்கப்பட்டது முதல் பெருகி வந்த எண்ணெயில் பெரும் பகுதி ரிவர்ஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. சூழ்ச்சி இது. ஆனால் அம்மாகாணத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இக்போக்களல்லர். இஜோ, இபிபியோ, எஃபிக், ஓகோனி முதலிய ஜாதியார் நெடு நாளாகத் தனி ராஜ்யம் கேட்டு வந்தவர்கள். 1966-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி, ஐஸக் போரோ என்ற இஜோ இளைஞர் நைகர் டெல்டா குடியரசு என்று ஒன்றைப் பிரகடனம் செய்து, 12 நாள் போராடிப் பிடிபட்டார். ராஜத் துரோகக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றார். அப்போது கிழக்கு மாகாணத்துக்குக் கவர்னராயிருந்தவர் ஓஜுக்வுவே. போரோ செய்ததைத்தான் பதினைந்து மாதத்துக்குப் பின் ஓஜுக்வு தாம் செய்தார். இஜோக்கள் பிரிய உரிமையில்லை, இக்போக்கள் பிரிய உரிமையுண்டு என்பதற்கு அவரிடத்தில் விடை இருந்ததாக எமக்குத் தெரியவில்லை. போரோவைக் கோவன் விடுதலை செய்தார். அவர் சமஷ்டிச் சேனையில் சேர்ந்து, 1968-ல் போர்க்களத்தில் மாண்டார்.

யுத்தம் 1967-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி தொடங்கிற்று. ஆகஸ்டு 9-ந் தேதி பையாஃப்ரா சேனை நைகர் நதியைத் தாண்டி மத்திய மேற்கு மாகாணத்தைக் கைப்பற்றி, லாகோஸ் மார்க்கத்தில் ஓரே என்னும் ஊர் வரை சென்றது. அச்சேனைக்குத் தலைமை வகித்த பான்ஜோவை, தம்மைக் கவிழ்க்கச் சதி செய்தாரென்று குற்றம் சாட்டி, வேறு மூவரோடு செப்டம்பர் மாதம் எனுகுவில் ஓஜுக்வு சுடச் செய்தார். அந்த மூவரில் ஒருவரான இஃபியாஜுனா, ஜனவரிச் சதியின் கர்த்தாக்களில் ஒருவர். அடுத்த மாதம் எனுகு வீழ்ந்தது. அதே மாதம் சமஷ்டிச் சேனை அஸாபா நகரில் நிராயுதபாணிகளான ஆண்களை நூற்றுக்கணக்கில் நிறுத்திச் சுட்டது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட்டும் போயிற்று. கடலும் எண்ணெயும் கைநழுவிய பிறகு, நாற்புறமும் சூழப்பட்ட ஒரு சிறு நிலப்பரப்பில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியோடு அடைபட்டார்கள்.

சர்வதேச அரங்கில் நடந்த வேடிக்கையைச் சொல்லி முடியாது. பிரிட்டனும் ஸோவியத் ரஷ்யாவும், வேறெதிலும் ஒத்துப் போகாதவர்கள், கோவனுக்கு ஆயுதம் விற்பதில் ஒத்துப் போனார்கள். பிரான்ஸ் மறைமுகமாகப் பையாஃப்ராவுக்கு உதவிற்று. ஆப்பிரிக்கர்களை அடிமை கொண்டிருந்த போர்ச்சுகல், இந்த ஆப்பிரிக்கக் குடியரசுக்குத் தன் விமான நிலையங்களைத் திறந்து விட்டது. டான்ஸானியா, காபோன், ஐவரி கோஸ்ட், ஜாம்பியா ஆகிய நான்கு ஆப்பிரிக்க தேசங்களும், பின்னால் ஹெய்ட்டியும் மட்டுமே பையாஃப்ராவை அங்கீகரித்தன.

பட்டினியைப் பற்றி இரு தரப்பாரும் கூறிய சமாதானங்களை இன்று படித்தாலும் மனம் கூசுகிறது. தரை மார்க்கமாக உணவு அனுப்பலாம், எமது அதிகாரிகள் சோதித்த பிறகே என்றது லாகோஸ். சோதனை செய்பவர்கள் உணவில் விஷம் கலப்பார்கள், திறந்த மார்க்கத்தில் சேனையும் நுழையும், ஆகவே விமானத்தில்தான் வர வேண்டும் என்றார் ஓஜுக்வு. பாதிரிமார்களின் சங்கங்கள் ஊலி என்ற இடத்தில், நெடுஞ்சாலையை அகலப்படுத்திச் செய்த தளத்தில், விளக்கணைத்து இரவோடிரவாக விமானங்களை இறக்கின. அதே தளத்தில் அதே இருட்டில் ஆயுத விமானங்களும் இறங்கின. பகலில் உணவு விமானம் மட்டும் வர இசைந்தால் இரவில் ஆயுதம் வருவது தனியே தெரிந்துவிடும் என்பதும் பையாஃப்ரா தலைவரின் மனதில் இருந்ததென்று கருதுவோர் பலர். நாமும் அப்படியே கருதுகிறோம். 1969 ஜூன் 5-ந் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானமொன்றை நைஜீரிய விமானப் படை சுட்டு வீழ்த்திற்று. பட்டினி போடுவதும் யுத்த தர்மமே என்ற பேச்சு லாகோஸ் மந்திராலயங்களில் பகிரங்கமாகவே நடந்தது. அந்த முப்பது மாதத்தில் மாண்டோரின் தொகை ஐந்து லட்சமென்றும், பத்து லட்சமென்றும், முப்பது லட்சமென்றும் பலவாறு கூறப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். கொன்ற பாவம் முற்றுகையிட்டவர்களைச் சேரும். சாகிறவர்களின் படங்களை உலகுக்குக் காட்டிக்கொண்டே ஒரு மார்க்கத்தை மறுத்தவரையும் அது விட்டுவிடாது.

1970 ஜனவரி 10-ந் தேதி இரவு ஓஜுக்வு விமானமேறி ஐவரி கோஸ்ட் சென்றார். சமாதானம் தேடிச் செல்வதாக அறிவித்தார். எஞ்சியவர்களின் சார்பில் சரணடையும் வேலை, இக்போ அல்லாதவரான அவருடைய பிரதிநிதி ஃபிலிப் எஃபியாங் தலையில் விழுந்தது. 15-ந் தேதி லாகோஸில் அது முறைப்படி நடந்தது. வென்றவருமில்லை, தோற்றவருமில்லை என்று கோவன் கூறினார். பழி வாங்கும் படுகொலை நடக்கவில்லை. இதற்கு அவரைப் புகழ்வது தகும். ஆனால் இக்போக்கள் பாங்கியில் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் தலைக்கு 20 பவுன்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. போர்ட் ஹார்கோர்ட்டில் அவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் கைவிடப்பட்ட சொத்து என்ற பெயரால் பிறர் கைக்குப் போயின.

அந்த ரிவர்ஸ் ராஜ்யத்துக்கு 1967-ல் முதல் கவர்னராக நியமிக்கப்பட்டவரும் ஒரு கடற்படை உத்தியோகஸ்தரே. டியெட் ஸ்பிஃப் என்ற அவருக்கு நியமனத்தின்போது வயது 24. உபாத்தியாயர்களின் குறைகளைப் பற்றி ஒரு பத்திரிகை நிருபர் எழுதிய செய்தி, 1973-ல் அந்த கவர்னரின் பிறந்த நாளன்று வெளிவந்து விட்டது. பிறந்த நாளைக் கெடுத்தாரென்று, கவர்னரின் மெய்காப்பு உத்தியோகஸ்தர் அந்த நிருபரைப் பிடித்துத் தலையை மழித்து, 24 பிரம்படி கொடுக்கச் செய்தார். கோர்ட்டு பிறகு பத்தாயிரம் நைராவுக்கு மேல் நஷ்ட ஈடு விதித்தது. பத்திரிகைத் தொழில் செய்யும் நாம் இதைப் படித்துவிட்டு எளிதில் மறக்கக் கூடவில்லை. 1975-ல் கோவன் கவிழ்ந்தபோது, 12 ராஜ்யங்களின் தலைவர்களையும் புதிய சர்க்கார் விலக்கி, அவர்களுடைய சொத்தை விசாரித்தது. ஒருவர் நீங்கலாக எல்லோரும் சேனையிலோ போலீஸிலோ உத்தியோகம் பார்த்தவர்கள். குற்றமற்றவர்களென்று தேறியவர்கள் லாகோஸ் கவர்னர் ஜான்ஸனும், மேற்கு கவர்னர் ரொடிமியும் மட்டுமே. மற்றப் பதின்மரும் தேறவில்லை. தேறாதவர்களில் ஒருவரான ஓக்பெமுடியாவை 1983-ல் ஜனங்களே வாக்களித்துப் பெண்டல் ராஜ்யத்துக்கு மறுபடியும் கவர்னராக்கினார்கள். மூன்று மாதத்தில் மற்றொரு ராணுவப் புரட்சி அவரை இறக்கிற்று. ராஜ்யங்கள் 12 ஆனதும், 19 ஆனதும், 21, 30, கடைசியில் 1996-ல் 36 ஆனதும் பட்டாள ஆட்சியில் ஒரே கையெழுத்தினால்தான்.

ஓஜுக்வு பன்னிரண்டு வருஷம் அயல் நாட்டிலிருந்து, 1982-ல் ஜனாதிபதி ஷகாரியின் மன்னிப்புப் பெற்றுத் திரும்பினார். ஷகாரியின் கட்சியிலேயே சேர்ந்து, மறு வருஷம் செனட் தேர்தலில் தோற்றார். அந்த வருஷ முடிவில் ஜெனரல் புஹாரி தலைமையில் பட்டாளம் மறுபடியும் வந்து, அவரைக் கிரிகிரி சிறையில் பல மாதம் வைத்தது. 2003-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்கள் ஒபஸாஞ்சோ, புஹாரி, ஓஜுக்வு. மூவரும் பையாஃப்ரா யுத்தத்தில் போர் செய்த பட்டாளத்துக்காரர்கள். பையாஃப்ராவின் சரணாகதியை ஏற்றுக்கொண்ட தளபதியே முதலாவதாக வந்த ஒபஸாஞ்சோ. ஓஜுக்வு 2011 நவம்பர் 26-ந் தேதி லண்டனில் காலமானார். மறு வருஷம் மார்ச்சு 2-ந் தேதி, எந்தச் சேனையை எதிர்த்துப் போரிட்டாரோ அந்தச் சேனையின் முழு மரியாதையோடு நெவியில் அடக்கமானார். சவ அடக்கத்துக்கு வந்திருந்த ஜனாதிபதி ஜொனாதன் போரோவைப் போல் இஜோ ஜாதியார்.

இவற்றுக்கிடையே, நாம் மிகவும் மதிப்பது 1985-ல் நடந்த ஒரு வீட்டு வழக்கு. லாகோஸில் ஐக்கோயி பகுதியில் தகப்பனார் கம்பெனியைச் சேர்ந்த மாளிகையொன்றில் ஓஜுக்வு குடியிருந்தார். யுத்தத்துக்குப் பின் அது கைவிடப்பட்ட சொத்தாகச் சர்க்கார் வசம் போயிருந்தது. வெளியேறும்படி உத்தரவு வந்ததும் அவர் கோர்ட்டுக்குச் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே லாகோஸ் ராணுவ கவர்னரின் ஆட்கள் ஆயுதபாணிகளாக வந்து அவரை வெளியே தள்ளினார்கள். திரும்பக் குடியேற்றும்படி அப்பீல் கோர்ட்டு உத்தரவிட்டது. அதை நிறுத்தி வைக்கக் கோரி ராணுவ கவர்னர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அக்கோரிக்கையைத் தள்ளிற்று. கோர்ட்டின் முன் விவகாரம் இருக்கையில் பலாத்காரத்தால் தானே தீர்த்துக்கொண்ட ஒரு சர்க்கார், அதே கோர்ட்டில் வந்து சலுகை கேட்கலாகாது. பட்டாள ஆட்சியிலும் சர்க்கார் சட்டத்துக்கு உட்பட்டதே என்று நீதிபதிகள் ஓபஸேகி, ஏஸோ, ஓபூட்டா முதலியவர்கள் எழுதினார்கள். அரசியல் சட்டத்தின் பெரும் பகுதி முடக்கப்பட்டுத் தேசம் முழுவதும் ஆணைச் சட்டங்களால் ஆளப்பட்ட காலத்தில் அவர்கள் இவ்வாறு எழுதினார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதல் ராணுவ கவர்னர்களில் ஒருவர், மற்றொரு ராணுவ கவர்னரின் துப்பாக்கிக்கு எதிராகச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கினார். அது அவருக்குக் கிடைத்தது.

ரிவர்ஸ் ராஜ்யத்தில் ஆறு மாதம் கழிந்து, 2025 செப்டம்பர் 18-ந் தேதி ஃபுபாராவிடமும் சட்டசபையிடமும் அதிகாரம் திரும்பிற்று. அதற்கு மூன்று வாரத்துக்கு முன், ஆகஸ்டு 30-ந் தேதி, அந்த ராஜ்யத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடைபெற்றது. ஜனங்கள் சாவடிக்குச் சென்று வாக்களித்தார்கள். அத்தேர்தலை நடத்தி வைத்தவர், யாருடைய வாக்கும் பெறாத அட்மிரல்.